பெரிய, துடிப்பான நாயைக் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பகத்து நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் தன்னார்வலராகப் பல ஆண்டுகள் இருந்துவருகிறேன். குட்டிகளுக்கும் மடியில் அடங்கும் சிறு நாய்களுக்கும் வீடு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. முப்பது கிலோ எடையும் ஓயாத துள்ளலுமாக நிற்கும் பெரிய நாயின் கூண்டருகே வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும், தத்தெடுத்துப் போனவர்கள் பிறகு தொலைபேசியில் கேட்கும் கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். என் வீட்டில் இப்போது இருக்கும் கருப்பனும் இரண்டு முறை காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன். பல பதில்கள் அவனிடமிருந்து கற்றவை.

கூண்டுக்குள் இப்படிப் பாய்ந்து பாய்ந்து குரைக்கிறதே, இதை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

கூண்டில் நிற்கும் நிலையை வைத்து ஒரு நாயின் குணத்தை எடைபோட முடியாது. சுற்றிலும் பல நாய்கள் ஓயாமல் குரைக்கின்றன. முன்பின் தெரியாத மனிதர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் போகமுடியாத தவிப்பு வேறு. நாளில் சிறிது நேரம் மட்டுமே வெளியே போகக் கிடைக்கும் நாய், காலடி ஓசை கேட்டதும் கம்பியில் பாயத்தான் செய்யும். இதற்கு நேர்மாறாக மூலையில் சுருண்டு கிடக்கும் நாய்களும் உண்டு. "சாதுவான நாய்" என்று நம்பி அவற்றைக் கூட்டிப்போனவர்கள், சில வாரம் கழித்து அதன் உண்மையான வேகத்தைப் பார்த்துத் திகைத்து என்னை அழைத்திருக்கிறார்கள்.

அதனால், வெளியே கூட்டிவந்து காட்டச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் அதைத் தொடவோ கூப்பிடவோ வேண்டாம். சுற்றி மோந்து முடிக்கட்டும். பிறகு கவனியுங்கள். இடையில் ஒரு முறையாவது திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஏதோ ஒரு சத்தத்துக்கு மிரண்டால் எவ்வளவு நேரத்தில் தேறிக்கொள்கிறது? கையிலிருந்து தீனியை வாங்கும்போது விரல்களை விட்டுவிட்டு வாங்குகிறதா? எவ்வளவு துள்ளுகிறது என்று நான் பார்ப்பதில்லை. துள்ளி முடித்தபின் அடங்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறையாவது போய்ப் பாருங்கள். கருப்பனை நான் ஐந்து முறை பார்த்தேன். நான்காவது முறைதான் அவன் என் காலருகே உட்கார்ந்தான்.

நல்ல நாய் என்றால் முன்பு வளர்த்தவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்?

வீடு மாறியிருப்பார்கள், நோய்வாய்ப்பட்டிருப்பார்கள், குழந்தை பிறந்திருக்கும். ஆனால் பெரிய நாய்களின் விஷயத்தில் நான் திரும்பத் திரும்பக் காணும் காரணம் வயது. ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, சில பெரிய இனங்களில் இரண்டு வயதையும் தாண்டி, நாய்க்கு விடலைப் பருவம். உடல் முழுதாக வளர்ந்துவிட்டது போலத் தெரியும். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் இன்னும் வந்திருக்காது. கற்றுக்கொண்டதை மறந்ததுபோல நடக்கும், கூப்பிட்டால் காது கேளாததுபோல ஓடும். குட்டியாக இருந்தபோது ஐந்து கிலோ எடையில் மேலே ஏறி விளையாடியதைக் கொஞ்சியவர்கள், முப்பது கிலோவில் அதையே செய்யும்போது "அடங்காத நாய்" என்கிறார்கள். கீழே இறங்கு என்று அதற்கு அதுவரை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். இந்தப் பருவம் கடந்துபோகும். அதைப் பொறுமையாகக் கடத்திவிட ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு சிறியது, தோட்டமும் இல்லை. பெரிய நாய் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். தோட்டம் இருக்கிறது என்று நாயை அதில் விட்டுவிட்டு உள்ளே போய்விடும் வீட்டைவிட, தோட்டமே இல்லாமல் தினமும் இரண்டு முறை கூட்டிப்போகும் வீடு நாய்க்கு நல்லது. தோட்டத்தில் தனியே விடப்பட்ட நாய் ஓடி விளையாடுவதில்லை. வேலியோரம் நின்று போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் குரைக்கவும் மண்ணைத் தோண்டவுமே பழகுகிறது. வாடகை வீடாக இருந்தால் மட்டும், உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகு காப்பகத்துக்குப் போங்கள். கருப்பன் முதல் முறை திரும்பி வந்தது இந்தச் சம்மதம் வாய்மொழியாக மட்டும் இருந்ததால்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்? எவ்வளவு ஓடினாலும் களைப்பதே இல்லையே?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஆரோக்கியமான, துடிப்பான பெரிய நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வெளியே போகத் தேவைப்படும். ஆனால் அந்த நேரம் முழுவதும் பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்டால், தினமும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடக்கூடிய நாயைத்தான் நீங்கள் உருவாக்குவீர்கள். ஓட ஓட உடல் வலுவடையும், பரபரப்பும் கூடும். மனம் களைக்காது.

மனத்தைக் களைக்கவைப்பது மூக்கு. நாயின் மூக்கில் மோப்ப உணர்வணுக்கள் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். மூளையிலும் வாசனைக்கு ஒதுக்கப்பட்ட பங்கு பெரியது. ஒரு மரத்தடியில் மூன்று நிமிடம் நின்று மோப்பம் பிடிக்கும் நாய் நேரத்தை வீணடிக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நடையில் பாதி நேரத்தையாவது அதன் மூக்கு போகும் வழிக்கு விட்டுவிடுங்கள்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். உணவைக் கிண்ணத்தில் கொட்டுவதற்குப் பதிலாக, ஒரு பகுதியைப் பழைய துண்டில் சுருட்டி வையுங்கள். காலி அட்டைப்பெட்டிகளில் ஒளித்து வையுங்கள். அறையின் மூலைகளில் சிதறிவிட்டு "தேடு" என்று சொல்லுங்கள். இருபது நிமிடத் தேடலுக்குப் பிறகு கருப்பன் தானாகப் போய்ப் படுத்துக்கொள்கிறான். ஒரு மணி நேரம் பந்து விளையாடிய நாட்களில் அவன் இப்படிப் படுத்ததே இல்லை.

இன்னொன்று தூக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் தூங்கும். காப்பகத்தின் இரைச்சலில் அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை. சாயங்கால வேளையில் வீடெங்கும் சுழன்று ஓடி, கையைக் கவ்வி, எதற்கும் அடங்காமல் இருக்கும் நாய்க்குப் பல நேரங்களில் தேவைப்படுவது இன்னொரு ஓட்டம் அல்ல. தூக்கத்துக்கு அடம்பிடிக்கும் குழந்தையைப்போல, இருட்டான அமைதியான ஒரு மூலைதான் அதற்கு வேண்டும்.

ஒன்றரை வயதுக்குக் குறைந்த பெரிய நாயாக இருந்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் முனைப்பகுதிகள்) இன்னும் முழுதாக மூடியிருக்காது. மிதிவண்டியோடு ஓடவிடுவது, உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் குதிக்கவிடுவது போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

எந்த இனம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

காப்பகப் பலகையில் எழுதியிருக்கும் இனப்பெயர் பெரும்பாலும் தோற்றத்தை வைத்துச் சொன்ன ஊகம். இருந்தாலும் அந்த நாயின் மூதாதையர் என்ன வேலைக்காக வளர்க்கப்பட்டவை என்று தெரிந்தால் அதன் ஆசைகள் விளங்கும். ஜெர்மன் ஷெப்பர்ட் என்ற இனத்தை 1899ஆம் ஆண்டு மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் உருவாக்கத் தொடங்கியது ஆட்டு மந்தைகளைக் காக்கும் நாய்களிலிருந்து. அதனால்தான் அந்த இரத்தம் கலந்த நாய், ஓடும் குழந்தைகளைச் சுற்றிவளைத்து ஓரிடத்தில் சேர்க்கப் பார்க்கிறது. சைபீரியன் ஹஸ்கியின் மூதாதையர் வடகிழக்கு சைபீரியாவின் சுக்சி மக்களின் பனிச்சறுக்கு வண்டியை நெடுந்தூரம் இழுத்தவை; அது கயிற்றை இழுப்பதில் வியப்பில்லை. நீரிலிருந்தும் புதரிலிருந்தும் பறவைகளைக் கவ்விவரப் பழகிய வழியில் வந்த லாப்ரடார், உங்கள் செருப்பை வாயில் வைத்துக்கொண்டு பெருமையோடு வந்து நிற்கும். இழுக்கவும் கவ்வவும் தேடவும் ஒழுங்கான வாய்ப்பைக் கொடுத்துவிட்டால், நாய் அதைத் தானாகத் தேடிப் போகாது.

காப்பகத்தில் என்னென்ன கேட்க வேண்டும்?

தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றின் பதிவுகளைக் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கோ, இதயப் புழுவுக்கோ பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அந்தச் சிப் நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது; கண்டெடுத்தவர் அதைப் படிக்கும் கருவியால் பார்க்கும்போது எண்ணை மட்டுமே சொல்லும். பதிவில் பழைய தொலைபேசி எண் இருந்தால் பயனில்லை.

இவையெல்லாம் காகிதத்தில் கிடைத்துவிடும். காகிதத்தில் இல்லாததைக் கேட்க, தினமும் கூண்டைக் கழுவுகிறவரைத் தேடிப் பிடியுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தருகே போனால் என்ன செய்கிறது, குளிக்கவைக்கும்போது எப்படி, எந்த மாதிரி ஆளைக் கண்டு பின்வாங்குகிறது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

குறைவாகச் செய்யுங்கள். உறவினர்களை அழைத்துக் காட்டாதீர்கள். முதல் நாளே குளிப்பாட்டாதீர்கள். கடைத்தெருவுக்கோ பூங்காவுக்கோ கூட்டிப்போகாதீர்கள். ஓர் அறை, ஒரு படுக்கை, ஒரே நேரத்துக்கு உணவு, ஒரே பாதையில் நடை. காப்பகத்துக்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பதற்றம் இறங்கத் தொடங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற நம்பிக்கை வரும். நாய்க்கு நாய் இது மாறும். கருப்பனுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதும், வயிற்றுப்போக்கு ஏற்படுவதும் சகஜம். தண்ணீரும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, இரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காப்பகத்தில் தந்த அதே உணவைச் சில நாள் கொடுத்து, பிறகு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

வெளிக்கதவு, மதில், மொட்டைமாடிச் சுவர் ஆகியவற்றை அது வருவதற்கு முன்பே சரிபாருங்கள். புதிய வீட்டிலிருந்து தப்பி ஓடும் ஆபத்து இந்த முதல் வாரங்களில்தான் அதிகம். கூப்பிட்டால் வரும் என்று உறுதியாகும்வரை வெளியே கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

கயிற்றைப் பிடித்தால் என்னையே இழுத்துக்கொண்டு போகிறது. என்ன செய்வது?

கழுத்துப்பட்டைக்குப் பதிலாக, நெஞ்சின் முன்பக்கம் வளையம் உள்ள மார்புப்பட்டையை அணிவியுங்கள். அது இழுக்கும்போது உடல் உங்கள் பக்கம் திரும்பும், மூச்சுக்குழாயும் நசுங்காது. முள் பதித்த சங்கிலியும் இறுக்கும் சுருக்கும் வேண்டாம். அவை வலியால் நிறுத்துகின்றன. எதிரே வரும் நாயையோ குழந்தையையோ பார்க்கும் நேரத்தில் அந்த வலி வந்தால், நாய் அதை அவர்களோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். நீண்டு சுருங்கும் கயிறும் பெரிய நாய்க்கு ஏற்றதல்ல. எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் முறியும்.

பயிற்சி எளிமையானது, சலிப்பூட்டுவது. கயிறு இறுகியதும் நின்றுவிடுங்கள். தளர்ந்ததும் நடங்கள். உங்கள் முழங்காலருகே வரும்போதெல்லாம் ஒரு துணுக்குத் தீனி. முதல் வாரம் ஐம்பது மீட்டர் போக அரை மணி நேரம் ஆகலாம். ஒருநாள் அவசரத்தில் இழுக்கவிட்டீர்களானால் நாய் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

வருகிறவர்கள் மேல் பாய்கிறதே?

முகத்தை நெருங்கி வரவேற்பது நாயின் வழக்கம். பாயும்போது திட்டுவதும் தள்ளுவதும் கூட அதற்கு விளையாட்டாகத் தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட கணத்தில் குனிந்து தடவிக்கொடுங்கள். வீட்டில் ஐந்து பேர் இப்படிச் செய்து, ஒருவர் மட்டும் "பரவாயில்லை, எனக்குப் பிடிக்கும்" என்று தூக்கிக் கொஞ்சினால் பழக்கம் போகாது. எப்போதாவது கிடைக்கும் பரிசு, தினமும் கிடைப்பதைவிட வலுவாகப் பழக்கத்தைப் பிடித்துவைக்கும்.

பெரிய நாயிடம் யார் தலைவன் என்று காட்டிவிட வேண்டும் என்கிறார்களே?

தயவுசெய்து இதைக் கேட்டு நடக்காதீர்கள். மல்லாக்கப் புரட்டி அழுத்துவது, கழுத்தைப் பிடித்து உலுக்குவது, முறைத்துப் பார்த்துப் பணியவைப்பது எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வந்தவை. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகச் சண்டையிடுவதாக எழுதினார். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், பிறகு காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்து, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். உங்கள் நாய் உங்களை ஆளப் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் முதலில் பாய்வது, வெளியே சுவையான உலகம் இருப்பதால். கருப்பனை இப்படிப் புரட்டி அழுத்தியிருக்கிறார்கள். யாராவது அவன்மேல் குனிந்தால் இன்றும் அவன் உடல் விறைக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

உறுமினால் என்ன செய்வது?

நின்றுவிடுங்கள், விலகுங்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை; அதற்காக அடித்தால் நாயின் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமின்றிக் கடிக்கும். உறுமலுக்கு முன்பே சொல்லும் அடையாளங்களும் உண்டு: உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி, முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் வெண்விழி தெரியப் பார்த்தல், உடல் விறைத்துப்போதல். வாலை ஆட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். உயர்த்தி விறைப்பாக ஆட்டும் வால் நட்பைக் குறிப்பதில்லை. எலும்பையோ பொம்மையையோ காத்து உறுமினால் பிடுங்காமல், அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்தால் தண்டிக்காமல் பயிற்றுவிக்கும் பயிற்சியாளரை அழையுங்கள்.

எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றுவது அநேகமாக இயலாது.

வீட்டில் சிறு குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பா?

குணம் சரியாக இருந்தாலும் எடையை மறக்கக் கூடாது. அன்போடு ஓடிவரும் நாய் ஒரு முதியவரைக் கீழே தள்ளி இடுப்பெலும்பை முறித்துவிட முடியும். குழந்தையையும் நாயையும் வளர்ந்தவர் ஒருவரின் கண்காணிப்பு இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள், எத்தனை ஆண்டு பழகியிருந்தாலும். தூங்கும் நாயை, சாப்பிடும் நாயைத் தொடக்கூடாது என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள்.

ஏற்கெனவே ஒரு நாயோ பூனையோ இருந்தால்?

நாய்களை வீட்டுக்குள் அறிமுகப்படுத்தாதீர்கள். இருவருக்கும் சொந்தமில்லாத திறந்த இடத்தில், இரண்டு பேர் இரண்டு நாய்களையும் தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடத்திச் சென்று, மெல்ல நெருங்கவிடுங்கள். பூனைக்கு நாய் ஏறமுடியாத உயரமான இடமும், நாய் நுழையமுடியாத ஓர் அறையும் வேண்டும். முதலில் வாசனை, பிறகு கதவிடுக்கில் பார்வை, பிறகு கயிறு கட்டிய நிலையில் நேரில். வாரக்கணக்கில் ஆகட்டும்.

தனியே விட்டுப் போனால் எல்லாவற்றையும் கடித்துக் குதறுகிறது.

இரண்டு வகை உண்டு. செருப்பு, தலையணை என்று கிடைத்ததையெல்லாம் கடித்திருந்தால் அது வேலையில்லாத சலிப்பு. கதவையும் சன்னல் ஓரத்தையும் மட்டும் பிறாண்டி, எச்சில் வடித்து, நீங்கள் போன சில நிமிடங்களிலேயே ஊளையிடத் தொடங்கினால் அது தனிமைப் பீதி. ஒரு கைப்பேசியை வைத்துப் பதிவுசெய்து பாருங்கள். முதல் வகைக்கு மேலே சொன்ன மோப்ப வேலையும், போகும்போது கடித்துத் தின்ன ஏதாவதும் போதும். இரண்டாவதுக்கு ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று அது பதறத் தொடங்கும் முன்பே திரும்பி வந்து பழக்க வேண்டும். மருத்துவரின் உதவியும் தேவைப்படலாம். திரும்பி வந்து திட்டுவதால் எதுவும் ஆகாது. எதற்காகத் திட்டு என்று அதற்குத் தெரியாது.

உணவில் கவனிக்க வேண்டியது என்ன?

விலாவைத் தடவினால் எலும்புகள் எளிதில் கைக்குத் தட்டுப்பட வேண்டும். வளரும் பெரிய நாய்க்குக் கூடுதலாகக் கால்சியம் கொடுப்பது எலும்பைக் கெடுக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த இனிப்புகள் எல்லாம் நஞ்சு.

நெஞ்சு ஆழமான பெரிய நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது வயிறு முறுக்கிக்கொள்ளும் நோய். இரைப்பை காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராது, வயிறு பறைபோல் உப்பும், எச்சில் ஒழுகும், படுக்கமுடியாமல் தவிக்கும். நள்ளிரவானாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவைக்கும் தடுப்பு அறுவை சிகிச்சையும் இருக்கிறது. பெண் நாய்க்குக் கருத்தடையோடு சேர்த்தே செய்யலாம்; மருத்துவரிடம் கேளுங்கள்.

கருத்தடை செய்தால் துள்ளல் அடங்கிவிடுமா?

அடங்காது. ஊர்சுற்றலும் ஆங்காங்கே சிறுநீர் தெளிப்பதும் குறையலாம்.

வெயில் நேரத்தில் நடக்கக் கூட்டிப்போகலாமா?

வேண்டாம். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே. மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. துடிப்பான நாய் தான் சூடேறுவதை உணராமல் விளையாடிக்கொண்டே இருக்கும், நிறுத்த வேண்டியவர் நீங்கள். புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தள்ளாடினால் உடலெங்கும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை. திருப்பிக் கொடுத்தால் பாவமா?

தெருவில் விடுவதும், யாரென்று தெரியாதவரிடம் தள்ளிவிடுவதும்தான் பாவம். காப்பகத்தில் திருப்பிக் கொடுப்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஆனால் முதல் வாரத்திலேயே முடிவு எடுக்காதீர்கள். காப்பகத்தைக் கூப்பிட்டு உதவி கேளுங்கள், பலர் உடனே வந்து பார்ப்பார்கள். அப்படியும் முடியாவிட்டால், உங்கள் வீட்டில் அது எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுங்கள். நல்லதும் கெட்டதும் மறைக்காமல்.

கருப்பனை இரண்டாவது முறை திருப்பிக் கொடுத்த குடும்பம் ஒரு பள்ளி நோட்டில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தது. வாளி உருளும் சத்தத்துக்கு நடுங்குவான், மழைக்கு முன்பே கட்டிலடியில் போய்விடுவான், இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்வான் என்று அதில் இருந்தது. கடைசி வரி ஒரு குழந்தையின் கையெழுத்தில்: "அவனுக்கு நீலப் போர்வை பிடிக்கும்." அவன் என் வீட்டுக்கு வந்த முதல் நாள் இரவு, ஒரு நீலப் போர்வை விரித்து வைத்திருந்தேன்.